பாக்கெட் பிரிக்காத கோட்டு

1

மே மாதத்தில் ஒரு காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவியின் அண்ணன், மச்சான் ஏழுமலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். திருவண்ணாமலையில், வேங்கிக்கால் போகும் வழியில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். பத்தடிக்கு ஆறடி இருக்கும். ஒரு மூலையில் கோயில் கோபுரம். இன்னொரு மூலையில் லண்டன் மணிக்கூண்டு. நான் இருப்பது கிளாஸ்கோ, அது வேறு நாடு மாதிரி என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊரில் யார் காதிலும் ஏறவில்லை. நடுவில் நான். "மேல்நாட்டில் நாடக உடை வடிவமைப்பில் முதுகலைப் பட்டம் வென்று மாவட்டத்துக்கே பெருமை சேர்த்த எங்கள் மாப்பிள்ளை ரத்தினம் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்." கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள் முகம். அதில் இரண்டு பேரை நான் பார்த்ததே இல்லை.

இதில் இரண்டு சங்கடம் இருந்தது. முதலாவது, நான் இன்னும் பட்டம் வாங்கவில்லை. கடைசிப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது, அந்தக் கோட்டு. தலைதான் என்னுடையது. உடம்பு வேறு யாருடையதோ. ஃபிளெக்ஸ் கடைகளில் இது வழக்கம்தான், வேட்டி கட்டினவன் தலையை வெட்டிக் கோட்டுப் போட்டவன் கழுத்தில் ஒட்டுவார்கள். ஆனால் என் தொழில் தையல். எனக்குப் போய் இப்படி ஒரு கோட்டா? காலர் யானைக் காது மாதிரி அகலம். இடது தோளில் பஞ்சு ஜாஸ்தி, அந்தப் பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உடனே போன் போட்டேன்.

"மச்சான், யாரு ஒடம்பு அது?"

"உன் ஒடம்புதான் மாப்ள."

"தலை என்னுது. ஒடம்பு யாருதுன்னு கேக்குறேன்."

"ஃபிளெக்ஸ் கடையில ஏதோ போட்டானுங்க. ஏன், எடுப்பாத்தானே இருக்குது?"

"தோளு தூக்கினு நிக்குதுங்க. எவன் தச்சான் அதை? அவன் கைய ஒடைக்கணும்."

  மச்சான் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம், வைத்திருப்பவர் அவர். தூசி தின்ற நெஞ்சு, சிரித்தால் இருமலில்தான் முடியும்.

"ரிசல்ட்டே வரல மச்சான். அதுக்குள்ள எதுக்கு ஃபிளெக்ஸு?"

"வச்சாச்சு. வச்ச ஃபிளெக்ஸை எறக்குற பழக்கம் நம்ம ஊர்ல ஏது? நீ பாஸ் பண்ணிடு மாப்ள. அதான் சுலபம்."

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் இன்னொரு தடவை கேட்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் ஏழாவது வரைக்கும் படித்தவன். எட்டாவதில் எனக்குச் சொல்லித்தருகிற தகுதி அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இல்லை என்பது என் அபிப்பிராயம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் போகிற வழியில், பெட்டிக்கடை அகலத்தில் ஓர் இடம் பிடித்து ஒரு தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தேன். தியானம் செய்ய வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஜிப்பா தைத்தேன். அவர்களுக்கு மனசில் அமைதி கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அக்குளில் பிடிக்காத ஜிப்பா கிடைத்தது. அதற்கு நான் ஜவாப்தாரி.

அப்படி வந்தவர்தான் மார்கரெட் அம்மா. கிளாஸ்கோவில் துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருந்தவர். சம்மணம் போட்டால் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று கேட்டார். தைத்துக் கொடுத்தேன். மூன்று வருடம் தொடர்ந்து வந்தார், மூன்று வருடமும் அதே கால்சட்டை. நான்காவது வருடம், "என் கடைக்கு வந்துவிடு" என்றார். பேப்பர் எல்லாம் அவரே ஏற்பாடு செய்தார். மெட்ராஸில் விசா நேர்முகத்துக்கு ஒரு நாள் குறித்தார்கள்.

இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அந்த நேர்முகத்துக்காக எனக்கு நானே ஒரு கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் பேப்பரை விட்டுவிட்டு என் கோட்டைப் பார்த்தார். "யார் தைத்தது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். விசா வந்துவிட்டது. இந்தக் கதையை நான் கல்யாணங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கே தமிழர்கள் கூடும் பொங்கல் விழாக்களில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன், வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுக்கும்போது அவர் ஓட முடியாத சமயம் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். என் மகள் மீனா தாலாட்டுக்குப் பதில் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மார்கரெட் அம்மா காலமான பிறகு கடை என் கைக்கு வந்தது. பக்கத்து நாடகக் கொட்டகைகளிலிருந்து வேலை வரும். ராஜா உடுப்பு, பேய் உடுப்பு, எல்லாம் நடிகர்களின் தொப்பைக்கு ஏற்றபடி பிரித்துப் பிடிக்க வேண்டும். இருபது வருடம் பிரித்துப் பிடித்தேன். ஆனால் நாடகத்தன்று கொடுக்கும் புத்தகத்தில் உடை வடிவமைத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். தைத்தவன் பெயர் இருக்காது. பெயர் வராத வேலை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே அறுபத்தொரு வயதில், வடிவமைப்பையும் படித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

என் மனைவி செல்வி கேட்டது ஒரே கேள்வி: "படிச்சுட்டு எங்க வேலைக்குப் போகப் போறீங்க?"

"என் கடைக்கேதான்."

"அப்ப சரி. டீ போட ஆள் வேணும், பட்டம் வாங்கினவரே போடுங்க."

3

விண்ணப்பத்தை மீனாதான் நிரப்பினாள். அவள் இங்கே வக்கீல். சனிக்கிழமை வருவாள், சாப்பிடுவாள், அம்மா கட்டிக்கொடுக்கிற பொட்டலங்களோடு போய்விடுவாள். முன்பெல்லாம் தமிழில் சண்டை போடுவாள், இப்போது சண்டை ஆங்கிலத்தில், சமாதானம் மட்டும் தமிழில்.

"ப்பா, கடைசியா வாங்கின டிகிரி கேக்குறாங்க. என்ன போடறது?"

"ஏழாவதுன்னு போடு."

"டிகிரி, ப்பா."

"அதுக்கு மேல தேவைப்படலன்னு போடு."

அவள் என்ன போட்டாளோ தெரியாது. நாற்பது வருட வேலை அனுபவத்தைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறோம், ஆனால் பள்ளிக்கூடத்துக் காகிதம் ஏதாவது ஒன்று வேண்டும் என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது. ஏழுமலை மச்சான் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் என் டி.சி. நகலை வாங்கி அனுப்பினார். அதில் என் பெயர் முனிரத்தினம். பாஸ்போர்ட்டில் ரத்தினம். முனி எங்கே போனான் என்று கல்லூரி கேட்டது. நியாயமான கேள்வி. இருவரும் ஒரே ஆள்தான் என்று சர்க்கார் சான்றிதழ் வாங்க மச்சான் வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் போய் நின்றார். அங்கே நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த ஆளு எங்கய்யா?"

"ஃபாரின்ல சார்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும் ஒரே ஆளு சார்."

"அதை நான்தான் சொல்லணும். நீ சொல்லிட்டா அப்பறம் நான் எதுக்கு?"

நாலு நடை நடந்து வாங்கி அனுப்பினார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். நானும் நானும் ஒரே ஆள் என்று முத்திரையோடு சொல்லும் காகிதம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

4

வகுப்பில் பதினோரு பேர், என்னையும் சேர்த்து. மற்றப் பத்துப் பேரும் என் மகளைவிடச் சின்னவர்கள். முதல் மாதம் படம் வரையச் சொன்னார்கள். ஓர் அரசனை வரைந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "நாற்காலி அழகாக இருக்கிறது" என்றாள். உட்கார்ந்திருக்கும் அரசன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் என் உண்மையான தொல்லை படம் இல்லை. எங்கள் ஆசிரியை ஃபியோனா, என் நாலாவது உடையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரத்தினம், உங்கள் நாடகத்தில் எல்லோரும் கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். பிச்சைக்காரன் உட்பட."

யோசித்தால் அது உண்மைதான். நாற்பது வருடம் நான் செய்த வேலை மறைப்பது. தொப்பையை மறை. கூனை மறை. ஒரு கை நீளம் என்றால் சட்டைக் கையை வைத்து மறை. யாருடைய உடம்பில் என்ன கோணல் என்று திருவண்ணாமலையில் டாக்டர்களைவிட எனக்கு ஜாஸ்தி தெரியும், ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. இங்கே மேடைக்கு வருகிறவன் யார், அவன் எதை மறைக்கப் பார்க்கிறான் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் சட்டை காட்டிக்கொடுத்துவிட வேண்டுமாம். அதற்குப் புதுத் துணியைப் பழசாக்கும் வகுப்பு ஒன்று உண்டு. காய் சீவும் கட்டையால் முழங்கையைத் தேய்க்க வேண்டும். நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த கோட்டை ஒரு பெண் என் கண் முன்னால் சீவினாள். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். செல்வி, "துணி மேல கேரட் சீவவா காலேஜு?" என்றாள்.

இந்த நேரத்தில் ஒரு விபத்து. ஒரு சின்ன நாடகத்துக்கு ஐந்து தேவதைகள். ஐந்து பேருக்கும் வெள்ளை அங்கி. நானே வெட்டினேன், நானே தைத்தேன். கொடுப்பதற்கு முன்னால், கை தானாகவே, ஒவ்வோர் அங்கியின் பின்பக்க ஓரத்திலும் துளி மஞ்சள் வைத்துவிட்டது. புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் நம்மில் யார் கொடுப்போம்? ஒத்திகை முடிந்து கல்லூரியில் துவைத்தார்கள். அவர்கள் சோப்பு காரமோ காரம். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் ஆரத்தி என்ன நிறம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் ஐந்து தேவதைகளும் பின்பக்கம் ரத்தச் சிவப்பில் ஒரு பொட்டோடு மேடையில் இறங்கினார்கள்.

"யார் சுட்டது இவர்களை?" என்றார் ஃபியோனா.

ஆரத்தியில் தொடங்கி எல்லாம் விளக்கினேன். ரொம்ப ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டு, அந்தப் பாடத்தில் ஃபெயில் போட்டார். ஒரு பாடத்தில் ஃபெயிலானால், கடைசித் திட்டத்தில் தேறினால்தான் பட்டம். அதிலும் போனால் மொத்தமும் போச்சு. இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஃபிளெக்ஸ் வந்திருக்காது.

5

கடைசித் திட்டம் இது. பன்னிரண்டு நிமிட நாடகம். வேலை போன ஓர் அப்பன். மகளுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டுக்காரன் புதிதாகத் தைத்து இன்னும் போடாமல் வைத்திருக்கும் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறான். அது இரவல் என்று நாடகத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அப்பன் வந்து நின்றதும், கோட்டைப் பார்த்தே ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டுதான் என் பரீட்சை. கூடவே அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும்.

முதலில் இரண்டு அளவு பெரிதாக ஒன்று தைத்தேன். கை விரலை மூடியது.

"இது சர்க்கஸ் கோமாளி" என்றார் ஃபியோனா.

ஃபிளெக்ஸ் படம் வந்த மறுநாள் இரண்டாவதைக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு, நானே முழங்கையைச் சீவியிருந்தேன்.

"இது ஏழையின் கோட்டு. நான் கேட்டது இரவல் கோட்டு. இரண்டும் ஒன்றா?" என்றார். பிறகு எல்லா மாணவர்களிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "இந்த மனிதரின் பாக்கெட்டில் என்ன இருக்கிறது?"

பதினெட்டு மாதமாக இந்தக் கேள்வியை எள்ளி நகையாடியவன் நான். பாக்கெட்டில் என்ன இருந்தால் பார்க்கிறவனுக்கு என்ன? "ஒன்றும் இருக்காது" என்றேன். "புதுக் கோட்டின் பாக்கெட்டில் எதுவும் வைக்க முடியாது. நாங்கள் அதை…"

பாதியில் நிறுத்தி, கோட்டை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. மீனா கட்டுரையை டைப் அடிக்க வந்திருந்தாள். நான் ஏற்கெனவே எழுதிவைத்ததைப் படித்தாள்.

"ப்பா, இது கட்டுரை இல்ல. விளம்பரம்."

"சரி, அதைக் கிழி. நான் சொல்றேன், நீ அடி."

சொன்னேன். நம் ஊரில் ஆண்பிள்ளை கோட்டுப் போடுவது வாழ்நாளில் ஒரே ஒரு நாள், கல்யாண ரிசப்ஷன் அன்று. அந்த வெயிலில் இரண்டாவது நாள் போடுகிறவனுக்கு மூளை சரியில்லை என்று அர்த்தம். ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்குக் கோட்டுத் தைத்த எனக்குச் சொந்தமாக ஒரு கோட்டு கிடையாது. விசா நேர்முகத்துக்கு முந்தின நாள், என் கடையில் டெலிவரிக்குத் தயாராக மூன்று கோட்டு தொங்கியது. அதில் ஒன்று என் அளவு.

மீனாவின் விரல் நின்றது.

"ப்பா, அப்ப அந்தக் கோட்டு உங்களுது இல்லையா?"

"தச்சது நான்."

"அதைக் கேக்கல."

"அந்த அதிகாரியும் அதைக் கேக்கலம்மா. யார் தச்சதுன்னு கேட்டார். தச்சவன் பதில் சொன்னேன்."

"நான் லா காலேஜ் இன்டர்வியூல இந்தக் கதையைச் சொன்னேன்ப்பா! என் அப்பா தன் கோட்டைத் தானே தச்சவர்னு! அழுதாங்க அவங்க! பொய் சாட்சி சொல்லி வக்கீல் ஆயிருக்கேன் நான்!"

அடுப்படியிலிருந்து செல்வி கரண்டியோடு வந்தாள். "யார் கோட்டுன்னு கேளு முதல்ல."

"உங்க அண்ணனுது" என்றேன்.

செல்வி உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணன் ரிசப்ஷன் கோட்டா? நான் பக்கத்துல நின்னேங்க அன்னிக்கு! சென்ட்டு அடிச்சும் அதுல ஒரு வாடை வந்துச்சு. புது மாப்பிள்ளை குளிக்காம வந்துட்டான்னு நெனச்சேன். முப்பது வருசமா எங்க அண்ணன் மேல பழி போட்டுட்டேனே!"

மீதியைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை அது. கிரிவலம் சுற்றிய கூட்டம் மொத்தமும் மெட்ராஸ் பஸ்ஸில். கோட்டை மடித்தால் சுருக்கம் விழும். கம்பியில் மாட்டினால் எவன் தலை எண்ணெயாவது படும். போட்டுக்கொள்வதுதான் பத்திரம். போட்டேன். கழுத்து அழுக்காகக் கூடாது என்று காலருக்கு உள்ளே ஒரு கர்ச்சீப். அக்குளில் பக்கத்துக்கு ஒன்று. உட்கார இடம் கிடைத்தும் முதுகைச் சாய்க்கவில்லை. பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தார், ஒவ்வொரு தடவையும் அவர் தலையை இரண்டு விரலால் நிமிர்த்தி வைத்தேன். அண்ணாமலையார் கோபித்துக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கறை போகாது. ஏழுமலைக்குச் சின்ன வயசிலிருந்து மூட்டை தூக்கி இடது தோள் இறக்கம். வெளியே தெரியாமல் இருக்க அந்தப் பக்கம் பஞ்சு கூட்டி வைத்திருந்தேன், அவர் தோளுக்கே ஒரு பிடி ஜாஸ்தி. என் தோளில் அது மேடாக நின்றது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் வைக்கலாம் என்றால், புதுக் கோட்டின் வெளிப் பாக்கெட் வாயைப் பெரிய பெரிய வெள்ளை நூல் தையலாகப் போட்டு மூடித்தான் கொடுப்போம். தொங்கிப் போகாமல் இருக்க. அதை உரிமைக்காரன்தான் முதலில் பிரிக்க வேண்டும். கோட்டையே எடுத்துப் போட்டுக்கொண்ட நான் அந்த நூலில் மட்டும் கை வைக்கவில்லை. பாக்கெட்டுக்குப் போன கை ஒவ்வொரு தடவையும் வழுக்கிக் கீழே விழுந்தது. மெட்ராஸ் வரைக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி கேள்வி கேட்டபோதும்.

சாயங்காலம் திரும்பி வந்து, நீராவி காட்டி, இஸ்திரி போட்டு, ஏழுமலையிடம் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து நான் லீவில் ஊருக்குப் போனபோது அவரே தேடி வந்து, "எனக்கு ஒரு தங்கச்சி இருக்குது" என்றார். என் திறமையைப் பார்த்துத்தான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதைத்தான் எழுதணும்" என்றாள் மீனா.

"இதை எழுதினா முப்பது வருசம் நான் சொன்னதெல்லாம் பொய்ன்னு ஆயிடும்."

"எழுதலைன்னா ஃபெயில். அங்க ஃபிளெக்ஸ் இருக்குப்பா."

அப்பனுக்குச் சட்ட ஆலோசனை சொல்ல அவளுக்கு இரண்டே வரிதான் ஆனது. செல்வி, "எழுதுங்க. எங்க அண்ணன் மேல வாடை இல்லன்னு சேர்த்து எழுதுங்க" என்றாள். அடி என்றேன். அடித்தாள்.

7

மூன்றாவது கோட்டைப் புதிதாகத் தைத்தேன். அளவு கச்சிதம். ஒரு சீவல் இல்லை, ஒரு கறை இல்லை. இடது தோளில் மட்டும் கொஞ்சம் பஞ்சு கூடுதல். காலருக்குள் கர்ச்சீப். வெளிப் பாக்கெட் இரண்டும் வெள்ளை நூலில் மூடியபடி. அப்பனாக நடித்த பையன் ஒல்லி, நெட்டை. அவனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். முதுகைச் சாய்க்காதே. நூலைப் பிரிக்காதே.

பரீட்சையன்று அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பன் வந்தான். சம்பந்தி வீட்டாருக்கு எதிரே நின்றான். கை பாக்கெட்டுக்குப் போனது, வழுக்கியது. சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனது, வழுக்கியது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு மகள் கல்யாண உடுப்பில் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்துப் பவுடர் கோட்டில் பட்டுவிடக் கூடாது என்று அவன் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, மகளைத் தொடாமல் நின்றான். அப்புறம் ஒரு கை மெதுவாகப் பாக்கெட்டுக்குப் போனது. வழுக்கியது. யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் மீனா மூக்கை உறிஞ்சினாள்.

"ஜலதோஷமா?" என்றேன்.

"சும்மா இருங்கப்பா."

முடிந்ததும் ஃபியோனா மேடைக்குப் பின்னால் வந்து, அந்த வெள்ளை நூலைத் தொட்டுப் பார்த்தார். "வெளியே புரிந்தது. உள் பாக்கெட் திறந்திருக்கிறதே, அதில் என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஏதோ இருந்திருக்கும். உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். முதல் தரம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: உள் பாக்கெட் காலி.

8

அன்று காலையே மச்சானுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செல்வி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"மச்சான், பாஸ்."

"அதான் ஃபிளெக்ஸ்லயே போட்டாச்சே."

"இன்னொரு விஷயம் சொல்லணுங்க. உங்க ரிசப்ஷன் கோட்டு இருக்குதே…"

"மெட்ராஸ் போய்ட்டு வந்துச்சே, அதுவா?"

 செல்வி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அண்ணே! உனக்குத் தெரியுமா?"

"ஸ்டேஜ்ல நிக்கிறேன். ஜனங்க மொய் கவர் குடுக்குறாங்க. வெளிப் பாக்கெட்டு தெறக்கல. சரின்னு உள் பாக்கெட்ல கைய வுட்டா ரெண்டு பஸ் டிக்கெட்டு. மெட்ராஸ் சார்ஜு. போக ஒண்ணு, வர ஒண்ணு. நான் அந்த வாரம் பூரா மண்டிய வுட்டு நகரல. என் கோட்டு மட்டும் எனக்கு முன்னாடி மெட்ராஸைப் பாத்துட்டு வந்துருக்குது."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே மச்சான்?"

"எதுக்கு? ஒரு சுருக்கம் இல்ல, ஒரு கறை இல்ல. அடுத்தவன் கோட்டையே இப்படிப் பாத்துக்கிறவன் கட்டிக்கிட்ட பொண்ண எப்படிப் பாத்துப்பான்னு யோசிச்சேன். அப்பறந்தான் தங்கச்சியக் குடுத்தேன்."

"நல்லா யோசிச்ச போ" என்றாள் செல்வி. "அந்தக் கோட்டுக்குப் போட்ட இஸ்திரியில பாதிகூட என் பொடவைக்கு விழுந்ததில்ல."

ஃபியோனாவுக்கு உடனே எழுதிப் போட வேண்டும் என்று தோன்றியது. உள் பாக்கெட்டில் இரண்டு பஸ் டிக்கெட், தைத்தவனுக்கே தெரியாது என்று. பிறகு எழுதினேன். மார்க்கை மாற்ற முடியாது என்று பதில் வந்தது, அது கிடக்கட்டும். அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே ஆத்திரத்தை மச்சானிடம் கொட்டினேன்.

"எல்லாம் சரிங்க. அந்த ஃபிளெக்ஸை மட்டும் எறக்கிடுங்க. பட்டம் வாங்கின டெய்லருக்குப் போய் அந்தக் கோட்டு மானக்கேடு."

"மாப்ள," என்றார் ஏழுமலை, "படத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாரு."

போனிலேயே இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். யானைக் காது காலர், முப்பது வருடத்துக்கு முந்தின மோஸ்தர். இடது தோளில் பஞ்சு. இன்னும் கீழே இறக்கினேன். இரண்டு பாக்கெட் வாயிலும், பெரிது பெரிதாக, பிரிக்காத வெள்ளை நூல். என் கை போட்ட தையல் எனக்குத் தெரியாதா?

"ஃபிளெக்ஸ் கடைக்காரன் நூறு கோட்டு காட்டினான் மாப்ள," என்றார் மச்சான். இருமல் வருவதற்கு முன்னால் அவசரமாகச் சொல்லி முடித்தார். "எது உனக்கு அளவு சரியா இருக்கும்னு தெரியல. அதான் என் ரிசப்ஷன் போட்டோவை எடுத்துக் குடுத்தேன். நீ ஏற்கெனவே போட்டுப் பாத்தது இது ஒண்ணுதானே?"